ஓரத்தில் வெட்டுப்பட்ட வரி

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு சர்வர்கள் இருந்தார்கள். ஒருவர் கீழே கேன்டீனில் காபி கொண்டுவந்து வைப்பவர். இன்னொருவன் மூன்றாம் மாடியில், குளிரூட்டிய அறையில், கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். "சர்வர் எங்கப்பா?" என்று யாராவது கேட்டால், "எந்த சர்வர், காபியா கம்ப்யூட்டரா?" என்று பதில் கேள்வி வரும். கம்ப்யூட்டர் சர்வர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. "ரெண்டு பேருமே கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றவங்கதானே" என்று சிரிப்பான். வயது முப்பத்தெட்டு. அந்த அறையில் பதினான்கு வருடமாக வேலை.

அவனை அந்தப் பெயரில் கூப்பிடாதவர் ஒருவர் உண்டு. மழையக்கா. அவர் அவனைத் "தம்பி" என்பார்.

மழையக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாக ஒரே ஆராய்ச்சி. ஊருக்குள் ஓடும் பெரிய ஆற்றில் வெள்ளம் வருவதற்கு முன்னால், மேற்குப் பக்கத்துச் சின்ன ஓடை ஒன்று நிரம்பிவிடுகிறது, அந்த ஓடையைக் கவனித்தால் பல மணி நேரம் முன்பே ஜனங்களை எழுப்பிவிடலாம் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க அறுபத்து மூன்று வருடத்து மழையையும் கணினிக்குள் மறுபடி பெய்யவைக்க வேண்டும். பழைய மழைக் கணக்கெல்லாம் செல்லரித்த பதிவேடுகளில் இருந்தது. அவற்றை மூன்று வருடம் உட்கார்ந்து தன் கையாலேயே தட்டச்சு செய்தார். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மழை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையோடு இருந்தார். நிலையத்தில் அவரோடு பேசுகிறவர்கள் குறைவு. பேச்சில் காரம் அதிகம் என்று பெயர். ஆனால் அவனிடம் மட்டும் ஏனோ ஒரு வாஞ்சை. மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று சண்டை போட மாடியேறி வருவார். சண்டை முடிந்ததும், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

சில மாதங்களாக அவரைக் காணோம். நீண்ட விடுப்பு, சொந்த வேலை என்று சொன்னார்கள். அவனும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்கு நிலையத்தின் புதிய மாணவர் சேர்க்கை முடிவு வெளியாக வேண்டும். பத்தே முக்காலுக்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முடிவுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கிவிட்டார்கள். பக்கம் திறக்கவில்லை. பெரிய கணினி மூச்சுத் திணறியது. மேஜைத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. இயக்குநரே மாடியேறி வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவன் டெர்மினலைத் திறந்து கண்காணிப்புத் திரையை வரவழைத்தான். கறுப்புத் திரையில் வரிசை வரிசையாக எழுத்துகள். ஒவ்வொரு வரியும் அந்தக் கணத்தில் கணினிக்குள் ஓடும் ஒரு வேலை, புராசஸ் என்பார்கள். இடது ஓரத்தில் அதன் எண். அடுத்து, யார் பெயரில் ஓடுகிறது, எவ்வளவு பலத்தை உறிஞ்சுகிறது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது. கடைசியில், அதைத் தொடங்கிவைத்த கட்டளை. கட்டளை நீளமாக இருந்தால் திரையின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றுவிடும். ஒரு விசையைத் தட்டினால் போதும், அந்தப் புராசஸின் முழு விவரமும் விரியும்: யார், எங்கிருந்து, எப்போது தொடங்கினார், கட்டளையின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவனே ஒரு கையேடு எழுதிக் கொடுத்திருந்தான். அதில் முதல் வரி: முழுசாகப் படிக்காமல் எதையும் நிறுத்தாதே.

அன்று திரையில் பாதியைப் புகார்க் கடிதங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில்தான் இந்தப் பட்டியல். உச்சியில் ஒரு புராசஸ் மெஷினின் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டிருந்தது. பெயர், ஆய்வுக்கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பெயர். முப்பத்தோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டளையின் முதல் சில எழுத்துகள் மட்டும் தெரிந்தன. மிச்சத்தைத் திரையின் ஓரம் விழுங்கியிருந்தது.

படித்து முடித்துவிட்டுப் போன எந்த மாணவனோ நிறுத்த மறந்து விட்டுவிட்டுப் போனது என்று நினைத்தான். வருடத்துக்கு நாலு முறை அப்படி நடக்கும்.

"என்னப்பா அது?" என்றார் இயக்குநர்.

"ஏதோ அனாதை சார். எடுத்துடறேன்."

ஒரு புராசஸை நிறுத்த இரண்டு வழி உண்டு. பதினைந்தாம் எண் சைகை, 'முடித்துக்கொள்' என்று மரியாதையாகச் சொல்வது. ஒன்பதாம் எண், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. அவன் முதலில் பதினைந்தைத்தான் கொடுத்தான். வரி மறையவில்லை. இயக்குநர் தொண்டையைச் செருமினார். தொலைபேசி அடித்தது. ஒன்பதைக் கொடுத்தான். வரி மறைந்தது.

மெஷின் நிமிர்ந்தது. பதினொன்றாக இரண்டு நிமிடம் இருக்கும்போது பக்கம் திறந்தது. இயக்குநர் அவன் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார். அவனும் கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தான். நன்றாக நினைவிருக்கிறது அவனுக்கு. அந்தக் காபி அன்றைக்கு அவ்வளவு ருசித்தது.

மூன்றரை மணிக்கு அவன் கைபேசி அடித்தது.

"தம்பி, நான்தான். என் மழையைக் காணோமே?" மழையக்காவின் குரல் மெலிந்திருந்தது. எங்கேயோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கூவும் சத்தம் பின்னால் கேட்டது.

"எந்த மழைக்கா?"

"கடைசி ஓட்டம்டா. மொத்த மழையும் ஓடுதே, முப்பத்தோரு நாளா. இன்னும் பதிமூணு நாள்தான் பாக்கி. இப்ப பார்க்கறேன், ஒண்ணுமே இல்லை."

"நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில. படுத்த படுக்கையிலேர்ந்துதான் ஓட்டறேன். லீவுல போனதுல என் பாஸ்வேர்டு காலாவதி ஆயிடுச்சு. சரி, பொதுப் பேர்ல ஓட்டுவோம்னு ஓட்டினேன். யார்கிட்டயும் சொல்லல. உடம்பு அப்படி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பாத்துச் சொல்றியா? சேமிச்சு வெச்ச ஃபைலும் திறக்க மாட்டேங்குது."

"பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்கா."

ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் புராசஸ்களின் முழு விவரத்தையும் மணிக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதிவைக்க அவன் ஏற்பாடு செய்திருந்தான். அதைத் திறந்தான். பத்து மணிப் பதிவில் அந்த வரி முழுசாக இருந்தது. நிரலின் பெயர், மழைக் கணக்கின் பெயர், வரிசையாக எண்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், நிரலோடு சம்பந்தமில்லாத ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ். இடைவெளி விட முடியாததால் நடுவில் கோடுகள்.

நிறுத்த-வேண்டாம்-தம்பி-முதலில்-அக்காவைக்-கூப்பிடு.

அந்தத் திரையைப் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரியும். அவனுக்கென்றே எழுதியிருக்கிறார்.

காலையில் அவன் கொடுத்த சைகைகளின் பதிவும் அவன் கையெழுத்துப் போல அங்கேயே இருந்தது. பத்து ஐம்பத்து நாலுக்குப் பதினைந்து. அதே நிமிடத்தில் ஒன்பது. பதினைந்து கிடைத்ததும் அந்த நிரல் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. அதுவரை செய்ததையெல்லாம் கோப்பில் எழுதிவிட்டு அடங்கப் பார்த்திருக்கிறது. பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதும் ஏற்பாடு. பாதி எழுதும்போது கழுத்தில் கை விழுந்தது. பழையதும் போயிற்று, புதியதும் முடியவில்லை. தற்காலிக இடத்தில் இருந்த கோப்பு. அதற்குக் காப்பு நகலும் கிடையாது.

ஐந்து நிமிடம் என்றவன் இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டான்.

"அக்கா, மெஷின் காலையில ஒரு தடவை தானா விழுந்து எழுந்திருச்சிருக்கு. ஏதோ மெமரி கோளாறு."

"அப்ப மொதல்லேர்ந்தா?" என்றார்.

"ஆமாக்கா."

"பிரிச்சு நாலு மெஷின்ல ஓட்ட முடியாதுடா. ஒரு மழை நனைச்ச மண்ணுலதான் அடுத்த மழை விழணும். வரிசையாத்தான் போகணும்." தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலிருந்தது. "நாப்பத்து நாலு நாள். டாக்டர் எனக்குக் குடுத்த கணக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவோ கொறையவோ. பார்ப்போம்."

அவன் கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"நீ ஏண்டா அழற மாதிரி மூச்சு விடறே? மெஷின் விழுந்தா நீ என்ன செய்வே? போட்டு விடு, போ. ராசியான கை உனக்கு."

அன்று மாலையே அதே கட்டளையை, அந்தக் குறிப்பையும் விடாமல், ஓர் எழுத்து பிசகாமல் போட்டுவிட்டான். காலாவதியான அவர் பாஸ்வேர்டையும் புதுப்பித்துக் கொடுத்தான். இந்த முறை மற்ற வேலைகளையெல்லாம் வேறு மெஷினுக்கு மாற்றினான். தினமும் தனி நகல் எடுத்து மூன்று இடத்தில் வைத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தினமும் மதியம் ஒரு மணிக்கு அவரைக் கூப்பிட்டு, எத்தனையாவது மழை ஓடுகிறது என்று சொல்வது வழக்கமாயிற்று. நாளொன்றுக்கு நாற்பது மழைக்கு மேல் ஓடும். ஒரு நாளில் ஒன்றரை வருடம் போய்விடும்.

எட்டாவது நாள், "இது நான் பொறந்த வருஷம்" என்றார் மழையக்கா. "அம்மாவைக் கட்டிலோட தூக்கிட்டுப் போனாங்களாம், தண்ணி முட்டிக்கால் வரைக்கும். அதனாலதான் எனக்கு இந்தப் புத்தி."

பதினான்காவது நாள், "இந்த மழையிலதான் என் புதுச் செருப்பு ஒத்தை போச்சு. இன்னொண்ணைத் தூக்கிப் போட மனசில்லாம ஒரு வருஷம் வெச்சிருந்தேன். யாராவது ஒத்தைக்கால்காரர் வந்தா குடுக்கலாம்னு" என்று சொல்லிச் சிரித்து, இருமி, தங்கையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். பதினான்கு வருடப் பழக்கத்தில் தெரியாததெல்லாம் அந்த மழைகளில் தெரிந்தது. ஒருவரை விரும்பியதும், அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், ரயில் நிலையத்துக்கு வழியனுப்பப் போக முடியாமல் பாலத்தை வெள்ளம் மூடியதும்கூட ஒரு மழைதான். பேசி முடிக்கும்போது, "மெஷின் எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்குக்கா." "நீ அதையே நெனைச்சுக் கொமையாத. உன் மேல ஒரு தப்பும் இல்லை."

ஒவ்வொரு நாளும் அந்தக் கடைசி வாக்கியம் அவனை அறுத்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொல்லுங்க. வயித்து வலி மாத்திரைக்கெல்லாம் போகாத வியாதி இது."

சொன்னான். அவள் முழுவதும் கேட்டாள்.

"அவங்ககிட்டச் சொல்லிடுங்க."

"சாகப்போறவங்ககிட்டயா? இருக்கற நாளாவது நிம்மதியா இருக்கட்டுமே."

"அவங்க நிம்மதியா இருக்கணும்னு சொல்லாம இருக்கீங்களா, இல்ல நீங்க நிம்மதியா இருக்கணும்னா?" என்றாள் அவள். "பொய்யை வெச்சுக் காப்பாத்தற ஆளில்ல நீங்க. வீட்டுச் சாவியையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாது."

இருபத்தேழாவது நாள் மதியம் அவன் மடிக்கணினியோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஓட்டத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், வார்டிலிருந்து தன் கணினியில் இணைப்பு கிடைக்க மாட்டேன் என்கிறது என்று மழையக்காதான் வரச்சொல்லியிருந்தார். நாலாம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. அவன் நினைத்திருந்ததில் பாதி உடம்புதான் இருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கை, வேறு யாருடைய கையோ போலிருந்தது. தங்கை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் போலவே முகம். பேச்சு மட்டும் குறைவு.

"வாடா, காவல்காரா" என்றார் மழையக்கா. "காட்டு."

மடிக்கணினியை அவர் மடியில் வைத்து, டெர்மினலைத் திறந்து, கண்காணிப்புத் திரையைக் காட்டினான். உச்சியில் அந்த வரி. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரையின் வெளிச்சம் அவர் கன்னத்துக் குழியில் விழுந்தது.

"ஓரத்துல வெட்டியிருக்கு பாரு. முழுசாத் திற."

விசையைத் தட்டினான். முழு விவரம் விரிந்தது. அவர் விரலை வைத்துக் குழந்தை எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொன்றாகப் படித்தார். தொடங்கிய தேதி. தொடங்கிய இடம். ஓடிய நேரம். எண்கள். கடைசியில் அந்தக் குறிப்பில் விரல் நின்றது.

"அடப்பாவி, இதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கியா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. தங்கையிடம் திரும்பி, "இவனுக்குன்னு எழுதினேன். கடைசியில மெஷினில்ல வந்து கெடுத்துச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாது பாவம்" என்றார்.

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"மெஷின் விழலைக்கா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் நிறுத்தினேன். அன்னைக்கு ரிசல்ட் பக்கம் திறக்கலை. யாரோ விட்டுட்டுப் போனதுன்னு நெனைச்சேன். முழுசாத் திறந்து பார்க்கலை."

தங்கையின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே இருந்தது. தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். மழையக்கா திரையிலிருந்த அந்த வரியை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"பதினஞ்சு போட்டியா, ஒம்பதா?"

"மொதல்ல பதினஞ்சு. அப்புறம் ஒம்பது."

"நடுவுல எவ்வளவு நேரம் விட்டே?"

"ஒரு... பத்து செகண்ட் இருக்கும்."

"எழுதி முடிக்க அதுக்கு நாப்பது செகண்ட் வேணும்" என்றார்.

அதற்கு மேல் அந்தக் கணக்கை அவர் நீட்டவில்லை. மடிக்கணினியை மூடி, இரண்டு கையாலும் தள்ளினார். தள்ளப் பலமில்லை, அது போர்வையில் சிக்கி நின்றது. தங்கை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"நிறுத்தினதுகூடப் போகட்டும்" என்றார் மழையக்கா. குரல் உயரவில்லை. "கை தவறும். எனக்கும் தவறியிருக்கு. ஆனா இருபத்தேழு நாளா நான் உனக்கு ஆறுதல் சொல்லிட்டிருந்தேனேடா. எனக்கு மூச்சு விடவே முடியல. அந்த மூச்சைச் சேத்து வெச்சு, உன் மேல தப்பில்லை, உன் மேல தப்பில்லைன்னு தெனமும் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டே இருந்தே."

"அக்கா—"

"கெளம்பு."

அவன் நகராமல் நின்றான். தங்கை எழுந்து மெதுவாக அவன் முழங்கையைத் தொட்டு, கதவு வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் ஒரு மணிக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஒன்று ஐந்துக்குக் கூப்பிட்டான். எடுத்தது தங்கை.

"அக்கா பேச மாட்டாளாம். நம்பர மட்டும் சொல்லச் சொன்னா."

"ஆயிரத்து நூத்து எழுபத்தொண்ணு."

"சரி." வைத்துவிட்டார்.

அப்படியே எட்டு நாள். அவன் எண்ணைச் சொல்வான். தங்கை திருப்பிச் சொல்வார், அறைக்குள் இன்னொருவருக்குக் கேட்கும்படி, கொஞ்சம் உரக்க. பிறகு தொடர்பு அறுந்துவிடும். அந்த இரண்டு மூன்று விநாடியில் பின்னணியில் அவர் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். ஒரு தடவை மட்டும் இருமல் கேட்டது.

அந்த வாரத்தில் ஒருநாள் இயக்குநரின் அறைக்குப் போய், நடந்ததை எழுதிய கடிதத்தைக் கொடுத்தான். இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரும் கேக்கலையேப்பா. ஏன் குடுக்கறே?"

"கேக்கலைன்னுதான் சார் குடுக்கறேன்."

"நானும்தானே பின்னால நின்னுட்டிருந்தேன்" என்றார் அவர். கடிதத்தைக் கோப்பில் வைத்தார். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். அவன் அதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தான். கிடைத்திருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

முப்பத்தாறாவது நாள், தங்கை எடுத்ததும் அவன் எண்ணைச் சொன்னான். "ஆயிரத்து ஐநூத்து எட்டு."

திருப்பிச் சொல்லும் குரல் வரவில்லை.

"காலையில ஏழு மணிக்குப் போயிட்டா" என்றார் தங்கை. "உங்களுக்குச் சொல்லணும்னு தோணல. நீங்களே ஒரு மணிக்குக் கூப்பிடுவீங்கன்னு இருந்துட்டேன்."

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரத்தில் அப்படிக் கேட்பது எவ்வளவு அற்பம் என்று உறைத்து, வாயை மூடிக்கொண்டான்.

"ஆயிரத்து ஐநூத்து எட்டு" என்று தங்கை மெதுவாகச் சொன்னார். இந்த முறை அறைக்குள் கேட்க யாருமில்லை.

அடக்கத்துக்குப் போனான். பின்வரிசையில் நின்றான். நிலையத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மறுநாள் வேலைக்கு வந்து திரையைத் திறந்தபோது, ஓட்டம் பதினோரு வருடத்துக்கு முந்தைய மழையில் இருந்தது. மழையக்காவை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்த வெள்ளம் அது. எச்சரிக்கை வந்த இருபதாவது நிமிடத்தில் ஆற்றோரத் தெரு ஒன்று முழுசாகத் தண்ணீருக்குள் போயிருந்தது. கணினிக்கு அதுவும் ஒரு மழைதான். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிற்று.

நாற்பத்து நாலாவது நாள், புதன்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு அந்த வரி பட்டியலிலிருந்து தானாக மறைந்தது. யாரும் நிறுத்தவில்லை. வேலை முடிந்து போயிற்று. முடிவுக் கோப்பு முழுசாக இருந்தது. அவன் அதைத் திறந்து பார்த்தான். எண்களாக இருந்தது. அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளக் கூடியவர் இல்லை. யாருக்குச் சொல்வது என்று சற்று நேரம் விழித்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டான்.

"முடிஞ்சிருச்சுங்க."

"என்ன வந்திருக்கு?"

"தெரியலை. எண்கள்தான் இருக்கு."

"படிங்க" என்றார். அவன் முதல் பக்கத்தைப் படித்தான். இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும்போது அந்தப் பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. நிறுத்தினான். "படிங்க, படிங்க" என்றார். படித்தான்.

மழையக்காவின் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த சக ஆய்வாளர் அந்த எண்களோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினார். அறுபத்து மூன்று வருடத்தில் ஊருக்குள் தொண்ணூற்று ஏழு முறை வெள்ளம் புகுந்திருக்கிறது. அதில் எண்பத்தொரு முறை ஓடை நாலு மணி நேரமாவது முந்திக்கொண்டிருக்கிறது. தொண்ணூறு வரும் என்று மழையக்கா பந்தயம் கட்டியிருந்தாராம். எண்பத்தொன்றே போதும் என்றார் சக ஆய்வாளர். ஓடையின் குறுக்கே உள்ள பாலத்துக்கடியில் அளவுகோல் வைக்க நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் சக ஆய்வாளர் அவனைத் தேடி மாடியேறி வந்தார்.

"அக்கா எழுதி வெச்ச வரைவுல உங்க பேர் இருக்கு. எழுத்து சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

நன்றி சொல்லும் பகுதி. பத்துப் பேர் வரிசையில் கடைசியாக அவன் பெயர். சர்வர் என்றில்லை, முழுப் பெயர். அதன் பக்கத்தில், "இரவல் தம்பி, இயந்திரங்களை என் பொருட்டுப் பொறுத்துக்கொண்டவன்."

சக ஆய்வாளர் இறங்கிப் போன பிறகு அவன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மழையக்காவின் சொந்தக் கோப்புகளுக்குத் தினசரிக் காப்பு நகல் உண்டு. வரைவின் எல்லா நகல்களையும் எடுத்துப் அருகருகே வைத்து ஒப்பிட்டான். அந்த நன்றி வரி எழுதப்பட்டது, ஓட்டம் முதல் முறை தொடங்குவதற்கும் முன்னால். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு இரண்டு நாள் பின்னால்.

அன்றைக்கு அவர் ஒரே ஓர் இடத்தைத்தான் மாற்றியிருந்தார். ஆய்வு முறையைச் சொல்லும் பகுதியில், "முதல் ஓட்டம் முப்பத்தோராம் நாள் இயந்திரக் கோளாறால் தடைபட்டது" என்று இருந்ததை, "மனிதத் தவறால் தடைபட்டது" என்று திருத்தியிருந்தார். நன்றி வரியைத் தொடவில்லை. கோப்பு நாற்பது நிமிடம் திறந்திருந்திருக்கிறது. ஒரு சொல்லைத் திருத்த அவ்வளவு நேரம் பிடித்ததா, கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தாரா, பார்த்துவிட்டு வேண்டுமென்றே விட்டாரா, அங்கே போவதற்குள் கை ஓய்ந்துவிட்டதா, எந்தப் பதிவேடும் அதைச் சொல்லவில்லை.

தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"அந்த ரெண்டு நாளும் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கினா, உண்மைதான். இணைப்பும் கிடைச்சுது" என்றார் அவர். "என்ன பண்ணினான்னு நான் பார்க்கலை. அதைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலை."

"என் பேரை எடுத்துடச் சொல்லலாம்னு இருக்கேன்."

"அது அவ எழுதினது" என்றார் தங்கை. "அதுல கை வைக்கறதுக்கு உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை."

அவன் சரி என்றான். எழுத்துச் சரியாக இருக்கிறது என்று சக ஆய்வாளருக்கு ஒரு வரி அனுப்பினான். அடக்கத்தன்று வராத அழுகை அன்று மாலை பேருந்தில் வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் தன் பையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.